இடப்பக்கம் திரும்பும் கை

லைசென்ஸ் புதுப்பிக்கப் போகிறவர்கள் பழைய போட்டோவில் இருக்கும் தலைமுடியைப் பார்த்து வருத்தப்படுவது வழக்கம். கோகிலாவுக்கு அந்த வருத்தமெல்லாம் இல்லை. அவள் தன்னுடைய பழைய கையைத் தலைமுழுகிவிட்டு வருவதற்காக ஆனைப்பாறை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். வீட்டு போர்டிகோவில் கார் இருக்கிறது. இரண்டு வருஷமாகத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு இருக்கிறது. அதில் ஏறுவதைவிடப் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவது மேல் என்று அவள் முடிவு செய்து அவ்வளவு காலம் ஆகிறது.

கை என்றால் எலும்பும் சதையுமான கை இல்லை. கார்கள் தானாக ஓட ஆரம்பித்த புதிதில், மோதினால் யார் பொறுப்பு என்று பெரிய சண்டை நடந்தது. செய்த கம்பெனிக்காரன் நான் இல்லை என்றான். வாங்கினவன் நான் தூங்கிக்கொண்டு இருந்தேன் என்றான். கடைசியில் டெல்லியில் உட்கார்ந்து ஒரு சட்டம் போட்டார்கள். லைசென்ஸ் எடுக்க வருகிறவரை ஒரு கூண்டில் உட்கார வைத்து, பொய்யான சாலையில் ஓட்டச் சொல்லி, திடீரென்று எதிரே ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அந்த நொடியில் அவர் கை எந்தப் பக்கம் போகிறதோ அதைப் பதிவு செய்துகொள்வார்கள். அதற்கப்புறம் வண்டி தானாக ஓடினாலும் அந்தக் கையின் பழக்கத்தில்தான் ஓடும், ஆபத்து என்று வந்துவிட்டால் அந்தக் கை செய்ததைத்தான் செய்யும். பொறுப்பும் கைக்குச் சொந்தக்காரருக்குத்தான். சட்டத்தில் இதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. ஜனங்கள் அதைக் கை என்று சுருக்கிவிட்டார்கள். உனக்குக் கை எடுத்தாச்சா, என் மச்சானுக்குக் கை பெயில் ஆயிருச்சு என்றெல்லாம் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

கோகிலாவின் கை பத்து வருஷத்துக்கு முன்னால் எடுத்தது. அதன் லட்சணம் என்ன என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் ஊருக்குத் தெரிந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், புளியமரங்கள் நிற்கும் சாலை வளைவில், பால்காரர் ஒருவர் மொபட்டோடு குறுக்கே வந்துவிட்டார். எதிரே லாரி. வண்டி கண்ணிமைக்கும் நேரத்தில் இடப்பக்கம் ஒடித்து மரத்தில் போய் மோதியது. இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் பூபதி, கோகிலாவின் வீட்டுக்காரர். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். ஆஸ்பத்திரி போகும்வரைகூடத் தாங்கவில்லை. வலப்பக்கம் உட்கார்ந்திருந்த கோகிலாவுக்கு ஒரு வளையல்கூட உடையவில்லை. அந்த வளையல்களை அப்புறம் வீட்டில் கழற்றினார்கள்.

போலீஸ் வழக்கு எதுவும் போடவில்லை. வண்டி சொந்தக்காரரின் கைப்படியே நடந்துகொண்டது என்று எழுதி முடித்துவிட்டார்கள். வண்டியைப் பட்டறை ஆட்களே சரிசெய்து கொண்டுவந்து போர்டிகோவில் நிறுத்தினார்கள். ஊருக்கு அது போதுமா? முன்பின் தெரியாத பால்காரனைக் காப்பாற்றிக் கட்டின புருஷனைக் கொடுத்துவிட்டாள், அவள் கைராசி அப்படி என்று பேசினார்கள். ஊர் பேசினதைக்கூட கோகிலா தாங்கிக்கொண்டாள். ஒரே மகள் தன்ஷிகா பேசாமல் இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அவள் பெருந்துறையில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். பண்டிகைக்குக்கூட வரவில்லை. போனில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

மாசமாக இருந்தவள், போன வாரம் தானாகவே கூப்பிட்டாள்.

"கட்டுச்சோத்து விருந்துக்கு நாள் குறிச்சுட்டாங்க. நீ வரணும்னு இங்க அத்தை சொல்றாங்க."

"வராம இருப்பனா கண்ணு? அஞ்சு வகை சோறும் நானே கட்டிக்கிட்டு வர்றேன். விருந்து முடிஞ்ச கையோட உன்னைய நம்ம வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தர்றேன். தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான்."

தன்ஷிகா குரலைத் தாழ்த்தினாள்.

"அவரு போர் போடற ரிக் வண்டியோட ஒடிசா போயிட்டாரு. ராத்திரியில வலி எடுத்தா என்னை யாரும்மா கூட்டிக்கிட்டுப் போவா? நீதான். உன் கையிலதான். அந்தக் கை என் பக்கத்துல வேண்டாம். அது என்ன செய்யும்னு எனக்குத் தெரியும்."

"லைசென்ஸ் இந்த மாசம் முடியுது கண்ணு. புதுசா கை எடுப்பாங்க."

"அந்தப் பழைய கை சுத்தமா அழிஞ்சு போச்சுன்னு சொல்லு. அப்ப வர்றேன்."

இரண்டு வருஷத்தில் மகள் கேட்ட ஒரே காரியம் அது. கோகிலா அன்றைக்கே பட்டறையில் இருந்த ஆளைக் கூப்பிட்டு வண்டிக்கு பேட்டரி போடச் சொல்லிவிட்டாள்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயர் பலகை என்ன சொன்னாலும், சோதனை செய்கிற அதிகாரியை ஜனங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் இன்னும் சொல்கிறார்கள். வண்டியின் பிரேக்கைத் தொட்டுப் பார்த்த காலமெல்லாம் மலையேறிவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை. இப்போதைய பிரேக் இன்ஸ்பெக்டர் பெனாசிர் என்கிற சின்ன வயசுப் பெண். கோகிலாவின் முகத்தைப் பார்த்து முதலில் தண்ணீர் கொடுத்தாள்.

"பயப்படாதீங்கம்மா. பாஸ், பெயில் எல்லாம் உங்களுக்கு இல்லை. புதுப்பிக்கிறதுக்கு வந்தா புதுசா ஒரு பதிவு எடுப்போம், பழசுக்குப் பதிலா அதை வைப்போம். அவ்வளவுதான்."

"ஒண்ணு கேக்கட்டுங்களா மேடம். இடப்பக்கம் ஒடிக்கக் கூடாதுன்னு ஒரு வாரமா மனசுல சொல்லிக்கிட்டே இருக்கறனுங்க. அப்படிச் சொல்லிக்கிட்டா கை மாறுங்களா?"

பெனாசிர் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாறாதும்மா. யோசிக்க நாங்க நேரம் குடுக்க மாட்டோம். யோசனை வர்றதுக்கு முன்னாடி கை போயிரும். அதைத்தான் எடுக்கிறோம். வயசானா வேகம் குறையும், பிடி தளரும். ஆனா பக்கம் மாறாது. யாரைக் காப்பாத்தணும்னு உள்ளுக்குள்ள இருக்கிறது அவ்வளவு சீக்கிரம் மாறுறது இல்லை."

கோகிலா கூண்டைப் பார்த்தாள். அவளுக்கு உள்ளுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. பத்து வருஷத்துக்கு முன்னால் இதே கட்டடத்தில் கூண்டில் உட்கார்ந்தபோது, திரையில் ஆள் குறுக்கே வந்ததும் அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுவிட்டாள். கை என்ன செய்தது என்று பார்க்கவே இல்லை. இரண்டு தடவை அப்படியே ஆனது. தலை சுற்றி, வெளியே வந்து வாந்தி எடுத்து, பட்டறை வேனுக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து பூபதி வந்து, "எல்லாம் முடிஞ்சுது, நீ பாஸு" என்று சொல்லி இளநீர் வாங்கிக்கொடுத்தார். அவர் போன நாளில் இருந்து அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இதுதான். கண்ணை மூடிக்கொண்டு இருந்தபோது என் கை எதற்கு இடப்பக்கம் போனது? பக்கத்தில் இருக்கிறவர் மேல் அப்படி என்ன வெறுப்பு இருந்தது எனக்கு?

கூண்டில் இடப்பக்க இருக்கையில் ஒரு பொம்மை பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. யாரோ அதற்கு ஒரு பழைய சட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். கோகிலா பெருவிரலை வைத்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். சாலை ஓட ஆரம்பித்தது. கடைவீதி, ரயில்வே கேட், வளைவு, மறுபடி வளைவு. இந்தத் தடவை கண்ணை மூடமாட்டேன் என்று வீட்டில் சாமி படத்தின் முன்னால் நின்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். மூடவில்லை. ஆள் குறுக்கே வந்தான். அவள் கை வலப்பக்கம் போனது, எதிரே வந்த லாரியின் முகத்துக்கு நேராக. திரை கருப்பானது. மறுபடி ஓடவிட்டார்கள். வேறு சாலை, வேறு ஆள். மறுபடி வலப்பக்கம். அடுத்த தடவையும் அப்படியே.

வெளியே வந்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "இடப்பக்கம் போகலைங்க மேடம். ஒரு தடவைகூடப் போகலைங்க."

"போகலைதான்," என்றாள் பெனாசிர். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி சுருங்கியிருந்தது. மேஜையில் கோகிலாவின் பக்கம் இருந்த சின்னத் தொடுதிரையில், பழைய பதிவை நிரந்தரமாக நீக்கிப் புதியதை ஏற்கலாமா என்று எழுத்து வந்தது.

"கொஞ்சம் பொறுங்கம்மா, ஒரு சந்தேகம்..." என்று பெனாசிர் திரும்புவதற்குள் கோகிலா பெருவிரலை அழுத்திவிட்டாள். நல்ல அழுத்தமாகவே அழுத்தினாள். மகளை வீட்டுக்கு அழைத்துவரும் அவசரம் அவளுக்கு.

"போயிருச்சுங்களா? பழசு திரும்ப வராதில்லைங்க?"

"வராதும்மா."

"சத்தியமா வராதுங்களா?"

"எங்கேயும் இல்லை. இங்க மட்டுமில்லை, உங்க வண்டியிலயும் இருக்காது." பெனாசிர் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். கேட்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. "அம்மா, போன தடவை உங்களுக்குப் பதிலா யாரு உக்காந்தது?"

"நான்தானுங்க உக்காந்தேன்."

"நீங்களும் உக்காந்திருப்பீங்க. ஆனா பதிவுல இருந்தது உங்க கை இல்லை. இப்பத்தான் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். அதுக்குள்ள நீங்க அழுத்திட்டீங்க."

கோகிலா திரையை எட்டிப் பார்த்தாள்.

"இந்த ஊருல இது புதுசு இல்லைம்மா. பொம்பளைங்க பேருல வண்டி வாங்கினா வரி பாதின்னு ஒரு சலுகை இருந்துச்சு. எல்லா ஆம்பளைங்களும் சம்சாரம் பேருல வாங்கினாங்க. ஆனா சம்சாரத்தோட கையை நம்பி ஏறி உக்கார மனசு வரலை. பெருவிரல் மட்டும் சம்சாரத்துது, கூண்டுக்குள்ள உக்காந்தது இவங்க. அப்ப உள்ள கேமரா கிடையாது. நான் வந்தப்புறம்தான் வச்சோம். புதுப்பிக்க வர்ற பொம்பளைங்க பாதிப் பேரோட பழைய கை அவங்க கை இல்லை. பாதிப் பேருக்கு அது தெரியவும் தெரியாது."

"என்னுது என் கைதானுங்க. எங்க வீட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டாருங்க."

"பக்கம் மட்டும் இல்லைம்மா. பிடி வேற. இன்னொண்ணும் பார்த்தேன். அந்தக் கை ஒவ்வொரு வளைவுலயும் ஹாரனை ரெண்டு தட்டுத் தட்டுது. சின்னதா, ரெண்டே ரெண்டு. இன்னிக்கு நீங்க ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கலை."



அந்த ரெண்டு தட்டு அவளுக்குத் தெரியும். பட்டறையில் இருந்து வரும்போது தெருமுனையில் கேட்கும். அதைக் கேட்டுத்தான் அவள் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். புதுக் கார் வந்து முதல் நாள் அது வளைவில் தானாக ரெண்டு தட்டுத் தட்டியபோது, "இதென்னுங்க, உங்க வியாதி என் கைக்கும் வந்திருச்சு" என்று அவள் சொன்னாள். "இத்தனை வருசம் என் வண்டியில பின்னால உக்காந்து வந்தவ, ஒட்டிக்காம என்ன பண்ணும்" என்றார் பூபதி. சொல்லிவிட்டு அன்றைக்கு ரொம்ப நேரம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும், "இவ கை எப்படி நிதானமான கை பாருங்க, எனக்கெல்லாம் வராது" என்று பீற்றிக்கொள்வார். அவளும் பெருமையாகத் தலையைக் குனிந்துகொள்வாள்.

"மேடம், அதைத் திரும்ப எடுக்க முடியாதுங்களா?"

பெனாசிர் திரையை அணைத்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வராதில்லை, சத்தியமா வராதில்லை என்று கேட்டது இதே பெண்தான்.

"பொறுங்கன்னு சொன்னேன்மா," என்றாள் மெதுவாக. "நிறுத்தி வச்சிருக்கலாம். இப்ப ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்கும் பழசு இல்லை, நான் மேலிடத்துக்கு எழுதிக் கேக்குறதுக்கும் ஒண்ணும் இல்லை. மன்னிச்சுக்கங்க."

ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் ஜெகதீசன் மாஸ்டரின் டிரைவிங் ஸ்கூல். ஸ்கூல் என்றால் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் சாமி படம். கற்றுக்கொள்ள ஆள் வருவது நின்று வருஷக்கணக்கு ஆகிவிட்டது. கூண்டுக்கு அழைத்துப்போய் உட்கார வைப்பதுதான் இப்போது பிழைப்பு. கோகிலா உள்ளே வந்து நின்றதைப் பார்த்ததும் அவர் எழுந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"தெரிஞ்சு போச்சா அம்மணி?"

அவள் ஒன்றும் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று.

"ரெண்டு தடவையும் நீ கண்ணை மூடிக்கிட்டே. மெஷின் ரெண்டு தடவையும் தள்ளிருச்சு. நீ முதல்ல வச்ச பெருவிரல் மூணு தடவைக்கும் செல்லும். மூணாவது தடவையும் தள்ளுனா ஒரு வருசத்துக்குத் திரும்ப உக்கார முடியாது. வண்டி டெலிவரிக்கு முகூர்த்தம் குறிச்சாச்சு. நான் உக்காந்தர்றேன் பூபதி, சில பேருக்கு நான்தானே உக்காந்து குடுக்கறேன்னு சொன்னேன். அவன் ஒத்துக்கலை. நானே உக்காந்துக்கறேன்னான்."

"எதுக்குங்க மாஸ்டர்? என் கையை நம்பலையா அவரு?"

"நானும் அப்படித்தான் நெனைச்சேன். மத்தவனெல்லாம் அதுக்குத்தான உக்காந்தான்." மாஸ்டர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து எடுத்து வைத்தார். "வெளிய இருந்து நான் திரையில பாத்துக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு தடவையும் இடப்பக்கம், இடப்பக்கம், இடப்பக்கம்னே ஒடிச்சான். பட்டறைக்காரன், நல்லா ஓட்டறவன், இவனுக்கு என்ன ஆச்சுன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. வெளிய வந்ததும், ஏண்டா பூபதி, பக்கத்துல உக்காந்திருக்கற பொம்மையை ஒவ்வொரு தடவையும் கொல்றியேடான்னு கேட்டேன்."

மாஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதுக்கு அவன் சிரிச்சான் அம்மணி. மாஸ்டர், இது அவ பேருல இருக்கற வண்டி, வலப்பக்கம் அவதான் உக்காரணும்னு சட்டம். இடப்பக்கம் உக்காரப் போறது நான்தான. அந்தப் பொம்மை நான்தான் மாஸ்டர், அதைப் பத்தி நீங்க ஏன் கவலைப்படறீங்கன்னான்."

வெளியே ஒரு லாரி ரிவர்ஸில் வரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கோகிலா நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"ரெண்டு வருசம் மாஸ்டர். நீங்க இழவுக்கு வந்தீங்க. என் முன்னால நின்னு அழுதீங்க. எல்லாரும் என்னையத் தின்னு துப்புனப்ப அங்கதான இருந்தீங்க. என் மக என் கையில தண்ணி வாங்கிக் குடிக்கலை."

"சொல்லியிருக்கணும்," என்றார் மாஸ்டர். "சொன்னா உள்ள தூக்கிப் போட்ருவாங்கன்னு பயந்துட்டேன். அப்புறம் நாளாக ஆக, எப்படிப் போய்ச் சொல்றதுன்னு தெரியலை. இப்ப வர்றேன் அம்மணி. பெருந்துறைக்கே வர்றேன். உம் மக கால்ல வேணாலும் விழறேன். எல்லாத்தையும் சொல்லிப்போடறேன்."

"நீங்க வர வேண்டாம். நானே சொல்லிக்கறேன்."

வீட்டுக்கு வந்தபோது போர்டிகோவில் தார்ப்பாயை எடுத்து மடித்து வைத்திருந்தார்கள். பட்டறை ஆள் வண்டியைக் கழுவி, முன்னால் எலுமிச்சம்பழம்கூட வைத்துவிட்டுப் போயிருந்தான். கோகிலா கதவைத் திறந்து வலப்பக்கம் உட்கார்ந்தாள். வண்டி விளக்குகள் எரிந்தன. புதிய பதிவு ஏற்கப்பட்டது, வணக்கம் கோகிலா என்று அது பெண் குரலில் சொன்னது.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இரண்டு வருஷம் அவர் இங்கேதான் நின்றிருக்கிறார். மழைக்கும் வெயிலுக்கும் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு, அந்தப் பக்கமே பார்க்காமல், வாசலைக்கூடப் பின்பக்கமாகச் சுற்றி வந்து கூட்டியிருக்கிறாள். ஒரே ஒரு நாள், மார்க்கெட்டுக்குத் தக்காளி வாங்கவாவது இதில் ஏறிப் போயிருந்தால், தெருமுனையில் அந்த ரெண்டு தட்டைக் கேட்டிருப்பாள். கேட்டிருந்தால் ஒருவேளை அன்றைக்கே விளங்கியிருக்கும். என் கை, என் பாழாய்ப்போன கை என்று வெறுத்து வெறுத்து ஒதுக்கி வைத்தது அவர் கையை. அதையும் இன்றைக்குத் தன் பெருவிரலாலேயே அமுக்கித் துடைத்துவிட்டு வந்திருக்கிறாள். இன்னொன்றும் அவளை விடாமல் குத்தியது. அவள் கண்ணை மட்டும் மூடாமல் இருந்திருந்தால் பத்து வருஷமும் வண்டியில் அவள் கைதான் இருந்திருக்கும். அது வலப்பக்கம் போகிற கை. புளியமரம் அவரை ஒன்றும் செய்திருக்காது. லாரி அவள் பக்கமாக வந்திருக்கும்.

அந்தக் கணக்கில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் போல என்று நினைத்துக்கொண்டாள்.

கட்டுச்சோற்று விருந்து நன்றாக நடந்தது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு எல்லாம் கோகிலாவே கிளறிக்கொண்டு போயிருந்தாள். தன்ஷிகாவின் மாமியார், தாலியில்லாதவள் பரிமாறுவதா என்றெல்லாம் பார்க்கவில்லை, சம்பந்தியம்மா கையாலேயே பரிமாறுங்க என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் பெட்டியை ஏற்றிவிட்டு, தன்ஷிகா வண்டியின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு இடப்பக்கக் கதவைத் திறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். அசையும்போதெல்லாம் சத்தம் போட்டது.

வழியில் சொல்லிவிட வேண்டும் என்று கோகிலா முடிவு செய்திருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தாள். கண்ணு, அன்னைக்கு ஒடிச்சது என் கை இல்லை. அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். அதைச் சொன்னால் போதும், இந்தப் பிள்ளை அம்மா என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும். அந்த ஒரு அழுகைக்காக அவள் இரண்டு வருஷம் காத்திருக்கிறாள்.

ஊர் எல்லை தாண்டியதும் தன்ஷிகாவே பேசினாள்.

"வண்டி வேற மாதிரி ஓடுதும்மா. மெதுவா இருக்குது. முன்ன மாதிரி இல்லை."

"இது என் கை."

"பழைய கை போயிருச்சுதானே? உறுதியாத் தெரியுமா?"

"போயிருச்சு கண்ணு. அந்த பிரேக் இன்ஸ்பெக்டர் மேடம்கிட்ட ரெண்டு தடவை கேட்டேன். எங்கயும் இல்லையாம்."

தன்ஷிகா சீட்டில் சாய்ந்தாள். நீளமாக மூச்சு விட்டாள்.

"நான் உன்னை ரொம்பப் படுத்திட்டேன்மா. தெரியுது. ஆனா அந்தக் கை இந்த உலகத்துல எங்கயோ இருக்குதுன்னு நெனைச்சாலே எனக்குத் தூக்கம் வராது. அப்பாவைக் கொன்ன கை அது. அப்பாவுக்கு நான் ஒரு பொண்ணா எதுவுமே செய்யலை. கடைசியில முகத்தைக்கூட சரியாப் பாக்கலை. அந்தக் கையை ஒழிச்சுக் கட்ட வச்சேன் பாரு, அது ஒண்ணுதான் நான் அவருக்குச் செஞ்ச காரியம். இனிமே தூங்குவேன்மா."

ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தை கோகிலாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் மகளைப் பார்த்தாள். தன்ஷிகா கண்ணை மூடியிருந்தாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. முகத்தில் கல்யாணத்துக்கு முன்னால் இருந்த குழந்தைக் களை திரும்பி வந்திருந்தது. இப்போது சொன்னால் இந்தப் பாரம் தன் தலையில் இருந்து இறங்கிவிடும். இறங்கி எங்கே போகும் என்றும் அவளுக்குத் தெரிந்தது.

"பேசாம வர்றியேம்மா. கோவமா?"

"உம்மேல எனக்கு என்ன கண்ணு கோவம்?"

தன்ஷிகா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி அம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்தக் கை அவள் கையைத் தொட்டது. மகளின் வளையல்கள் கோகிலாவின் வெறும் மணிக்கட்டில் வந்து உரசின.

"இந்தக் கை அன்னைக்கே வண்டியில இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாரு இல்லம்மா?"

"ஆமா கண்ணு," என்றாள் கோகிலா. "இருந்திருப்பாரு."

தன்ஷிகா தூங்கிப்போனாள். புளியமரங்கள் தெரிய ஆரம்பித்தன. கோகிலா தன்னை அறியாமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வளைவு வந்தது. வண்டி ஹாரன் அடிக்காமல் திரும்பி, வீட்டைப் பார்த்துப் போனது.